சீமைச் செடிக்குச் சொந்தக்காரர்

கம்பம் பள்ளத்தாக்கில் உயிரினங்களுக்குக் குறைவில்லை. மேகமலையில் யானை உண்டு, கரடி உண்டு, காட்டெருமை உண்டு. அவற்றையெல்லாம் வெள்ளைக்காரத் துரைமார் துப்பாக்கியோடு வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள். ஆனால் மலைக்குக் கீழே, ஊருக்கு நடுவிலேயே, வெள்ளை வேட்டி கட்டி, நெற்றியில் நீறு பூசி, வேளாவேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு நடமாடும் ஓர் இனத்தை அவர்கள் சுடவும் இல்லை, கண்டுகொள்ளவும் இல்லை. அந்த இனத்துக்குப் பெயர் சீமைச் செடிக்குச் சொந்தக்காரர்.

எப்படி அடையாளம் காண்பது என்று கேட்கிறீர்களா? வெகு சுலபம். உச்சி வெயிலில், ஏதோ ஒரு காரியமாக, நாக்கு வறண்டு, ஒருவர் வீட்டு வாசலில் போய் நிற்கிறீர்கள். சாதாரண மனிதராக இருந்தால், "வாங்க, உக்காருங்க" என்பார்; உள்ளே திரும்பி, "தண்ணி கொண்டா" என்று குரல் கொடுப்பார். இவரோ உங்கள் மணிக்கட்டைப் பிடிப்பார். பிடித்த பிடி விடாமல் வீட்டைச் சுற்றி, மாட்டுக்கொட்டத்தைத் தாண்டி, கொல்லையில் கிணற்றோரம் கொண்டுபோய் நிறுத்துவார். அங்கே ஒரு செடி நிற்கும். அதில் பூ இருக்காது.

"இப்பப் பாக்கப்படாது" என்பார். "பூக்கும்போது பாக்கணும்."

பார்க்கக்கூடாத நேரத்தில் என்னை ஏன் இழுத்து வந்தீர்கள் என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். கேட்டவர்களுக்கு விளக்கம் சொல்லப்பட்டது. விளக்கம் முடிந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது.

சின்னமனூர் நல்லகண்ணு இந்த இனத்தில் முதல் தரம். திராட்சைத் தோட்டக்காரர். கவாத்து வெட்டுவதில் அவர் கைக்கு ஈடு கிடையாது என்று ஊரே ஒப்புக்கொள்ளும். திராட்சைக் கொடியை மொட்டையாக வெட்டிவிட்டால் புதுத் துளிர் வரும், துளிரில் பூ வரும், பூவில் குலை வரும். இதுதான் அவர் படித்த ஒரே பாடம். வேதமும் அதுதான். மலைமேல் துரை பங்களாவுக்கு அவர் தோட்டத்துப் பழம் கூடை கூடையாகப் போகும். துரைசானியம்மா ஊரைவிட்டுக் கப்பலேறும் முன், பழம் கொண்டுபோன இவரைக் கூப்பிட்டு, மண்ணெண்ணெய்த் தகரத்தில் வைத்திருந்த ஒரு கன்றைக் கையில் கொடுத்தார். கூடவே, அதன் பூப் படத்தை ஒரு விதைக்கடைப் புத்தகத்திலிருந்து கிழித்தும் கொடுத்தார். பெயர் ஓக்கிலை ஹைட்ராஞ்சியா.

அந்தம்மா தனக்குத் தெரிந்த தமிழில் பக்குவமும் சொன்னார். பாதி நிழல் வேண்டும். வேரில் தண்ணீர் தேங்கக்கூடாது. அடியில் சருகு பரப்ப வேண்டும். கடைசியாக, கையைக் கத்தரி போல ஆட்டி, "வெட்டாதே. பழைய கம்பு, பூ" என்றார். ஏலக்காய் விலை பேச அன்று மலைக்கு வந்திருந்த உத்தமபாளையம் சிக்கந்தர் ராவுத்தர் பக்கத்தில்தான் நின்றார். அவர் காதிலும் விழுந்தது. நல்லகண்ணு கை கட்டிக் கேட்டுக்கொண்டு, இறங்கும் வழியில் சிரித்தார்.

"கவாத்தப் பத்தி நமக்குச் சொல்றாகளே ராவுத்தரே."

"அண்ணே, வெட்டாதேன்னுதானே அந்தம்மா சொன்னாக."

"நீங்க ஏலக்காயப் பாருங்க" என்று சொல்லிவிட்டார்.

அன்றிலிருந்து நல்லகண்ணுவின் மனைவி மூக்கம்மாளுக்குப் பிடித்தது சனி. செடி கிணற்றோரம் நடப்பட்டது. அங்கே ஏற்கெனவே மூக்கம்மாள் மல்லிகைப் பந்தல் போட்டிருந்தாள். தெருவில் பாதிப் பெண்கள் தலையில் அந்தப் பூதான் இருக்கும். மல்லிகை வேர் சீமைச் செடியின் தண்ணீரைக் குடித்துவிடும் என்று பந்தலைப் பிரித்தார். பந்தல் போனதும் செடிமேல் வெயில் விழுந்தது. பாதி நிழல் வேண்டுமல்லவா, ஆகவே ஓலைத் தட்டி முடைந்து அதே இடத்தில் நிறுத்தினார். மல்லிகை ஏன் போயிற்று, தட்டி ஏன் வந்தது என்று மூக்கம்மாள் இன்றுவரை யோசிக்கிறாள். தன் தலைக்கு அவள் சந்தையில் பூ வாங்கினாள்.

படத்துக்குச் சட்டம் போட்டு முருகன் படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார். விளக்கேற்றும்போது மூக்கம்மாள் இரண்டுக்கும் சேர்த்துத்தான் கும்பிட வேண்டியிருந்தது. வந்தவர்களிடம் இலையைக் காட்டுவார், தொடவிட மாட்டார். "ஓக்கு மரத்து இலை மாதிரியே இருக்கு பாத்தீகளா?"

"ஓக்கு மரம் எப்படிண்ணே இருக்கும்?"

"இந்த இலை மாதிரியே இருக்கும்."

கார்த்திகைப் பனியில் அந்த இலை சிவக்கும். மார்கழியில் உதிர்ந்து, குச்சி குச்சியாக நிற்கும். மார்கழிக் கடைசியில், ஊரெல்லாம் வேப்பிலையும் ஆவாரம்பூவும் வேலியோரத்து வெள்ளைப் பூளைப்பூவும் பறித்துக் காப்புக்கட்டிக் கூரையில் செருகுகிற நாளில், நல்லகண்ணு தோட்டத்து ஆட்களை வரிசையாக நிறுத்தி, கத்தரியை எடுத்து, குச்சிகளை ஒட்ட நறுக்குவார். அன்று முழுக்கக் கிணற்றடியில் யாரும் ஒரு குடம் தண்ணீர் எடுக்க முடியாது. பூளைப்பூக் கட்டோடு யாராவது வேலியோரம் போனால் ஒரு பார்வை பார்ப்பார். "களையெல்லாம் பூன்னு சொல்லிக்கிட்டு" என்பார்.

தையில் துளிர்க்கும். சித்திரையில் தழைக்கும். பூக்காது. மறுபடி மார்கழி வரும்; மறுபடி வெட்டு. இப்படி ஆறு வருஷம். பூக்காததால் அவர் சோர்ந்தார் என்றா நினைக்கிறீர்கள்? பூத்த செடிக்காரன் பூவளவுதான் பேச முடியும். பூக்காத செடிக்காரனுக்கு எல்லை ஏது?

இதெல்லாம் போகட்டும் என்று மூக்கம்மாள் விட்டிருப்பாள். ஆனால் வீட்டில் ராஜாத்தி இருந்தாள். ஒரே மகள். கல்யாண வயது வந்து, அது கொஞ்சம் தாண்டவும் தொடங்கியிருந்தது.

முதலில் போடியிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். நல்லகண்ணு அவர்களை வாசலிலேயே மடக்கிக் கொல்லைக்குக் கொண்டுபோனார். ராஜாத்தி காப்பித் தட்டோடு கதவுக்குப் பின்னால் நின்றாள், காப்பி ஆறியது, சுட வைத்தார்கள், மறுபடி ஆறியது. வந்தவர்கள் திரும்பி வந்து உட்கார்ந்தபோது ராகுகாலம் பிறந்துவிட்டது. சொல்லி அனுப்புகிறோம் என்று போனவர்கள் சொல்லியும் அனுப்பவில்லை. அடுத்தது கடமலைக்குண்டு. மாப்பிள்ளைக்குப் பெரியப்பா ஒருவர், வெற்றிலை போட்டவர், விரலில் இருந்த சுண்ணாம்பை எங்கே துடைப்பது என்று பார்த்தார். கைக்கெட்டும் தூரத்தில் அகலமாக ஓர் இலை இருந்தது. அதில் துடைத்தார்.

"மரியாத தெரியாத குடும்பத்துல பொண்ணக் குடுக்க முடியாது" என்று நல்லகண்ணு சொல்லிவிட்டார்.

மூக்கம்மாள் அன்று சோறு போடும்போது நிதானமாகத்தான் கேட்டாள்: "செடிக்கு வயசானா வெட்டி விட்டுத் துளிர்க்க வச்சுருவீக. பொண்ணுக்கு வயசானா என்ன செய்வீக?" அவர் சாப்பாட்டில் கவனமாக இருந்தார்.

மூன்றாவது சம்பந்தத்தைச் சிக்கந்தர் ராவுத்தர் கொண்டுவந்தார். கூடலூர் சண்முகராஜ் வீடு. பையன் கர்ணன்; நல்ல உழைப்பாளி, வாயடக்கம் உள்ளவன். ராவுத்தருக்கு அந்தக் குடும்பத்தோடு நெடுநாள் வியாபாரம். எல்லாம் சொல்லிவிட்டு, கிளம்பும்போது அடுப்படிப் பக்கம் வந்து குரலைத் தாழ்த்தினார்.

"தங்கச்சி, ஒண்ணு மட்டும் சொல்லிப்புடுறேன். சண்முகராஜு தங்கமான மனுசன். ஆனா அவக வீட்லயும் ஒண்ணு நிக்குது."

"என்னண்ணே நிக்குது?"

"ஆப்பிள் மரம். கொடைக்கானல்லேருந்து கொண்டாந்தது. இன்னும் காய்க்கல."

மூக்கம்மாள் மனசுக்குள் கணக்குப் போட்டாள். ஒரு சீமைச் செடிக்காரர் வீட்டைக் கெடுப்பார், அவ்வளவுதான். இரண்டு பேர் ஒரே இடத்தில் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை அவள் கேள்விப்பட்டதே இல்லை. இதையும் விட்டால் ராஜாத்திக்கு அடுத்த இடம் எங்கே என்று அவளுக்குத் தெரியவில்லை. அன்றே நல்லகண்ணுவைப் பிடித்து, செடியைப் பற்றி வாயே திறப்பதில்லை என்று வீரபாண்டி மாரியம்மன் மேல் சத்தியம் வாங்கினாள்.

கார்த்திகையில் ஒரு நல்ல நாளில் கூடலூர்க்காரர்கள் வந்தார்கள். நல்லகண்ணு சத்தியத்தைக் காப்பாற்றினார். செடியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஜமுக்காளத்தை மட்டும் கொல்லையில் விரிக்கச் சொல்லியிருந்தார். "அங்கனதான் காத்து வரும்" என்றார். விருந்தாளிகள் உட்கார்ந்தால் முகத்துக்கு நேரே ஹைட்ராஞ்சியா, அடி முதல் நுனி வரை சிவந்த இலையோடு. சண்முகராஜ் அதைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. கேட்பாரா? அவரும் அதே இனம். நல்லகண்ணு செருமினார், எழுந்து போய்த் தட்டியைச் சரிசெய்தார், உதிர்ந்த ஓர் இலையை எடுத்து எல்லாரும் பார்க்கும்படி மடியில் வைத்துக்கொண்டார். சண்முகராஜ் மீசையைத் தடவிவிட்டுத் தொடங்கினார்.

"எங்க வீட்ல ஒரு ஆப்பிள் மரம் நிக்குது."

"காய்ச்சிருக்கா?"

"இப்பப் பாக்கப்படாது. காய்க்கும்போது பாக்கணும்."

தன் வாக்கியத்தை இன்னொருவர் வாயிலிருந்து நல்லகண்ணு கேட்டது அதுதான் முதல் தடவை. அவருக்கு அது அடையாளம் தெரியவில்லை.

"காய்க்காத மரத்துக்கா இம்புட்டுச் சிலாக்கியம்?" என்றார்.

"பூக்காத செடிக்கு முன்னால என்னைய உக்கார வச்சிருக்கீகளே, அது எதுல சேத்தி?"

அந்த நேரம் பார்த்து ராஜாத்தி தட்டோடு வந்தாள். கர்ணன் ஒருவன்தான் நிமிர்ந்து பார்த்தான். பார்த்தவன் பார்வையை எடுக்கவும் இல்லை. பெரியவர்கள் இருவரும் ஒருவர் செடியை ஒருவர் வேரோடு பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். ஆப்பிள் இந்த மண்ணில் வராது என்றார் இவர். அந்தச் செடி பூத்ததை எந்தக் கண் பார்த்தது என்றார் அவர்.

அடுப்படி ஜன்னல் வழியாகச் சண்முகராஜின் மனைவி பஞ்சம்மாள் எட்டிப் பார்த்தாள்.

"மதினி, துண்ட ஒதறித் தோள்ல போட்டுட்டாக. இனி எந்திரிச்சிருவாக."

மூக்கம்மாள் கையிலிருந்த கரண்டியை அப்படியே வைத்தாள். அழுகை வந்தது. "இதுக்காக என் மல்லிகைப் பந்தலப் பிரிச்சாக மதினி. இப்ப என் மக வாழ்க்கையையும் பிரிக்கிறாக."

"பந்தல்தான போச்சு. அந்த மரத்துக்கு வெயில் ஆகாதுன்னு, எங்க ஆத்தா வீட்டுச் சீர்ல வந்த கண்டாங்கிச் சேலைய எடுத்துக் கூடாரம் கட்டியிருக்காக. நல்லது பொல்லாததுக்குப் போகணும்னா மரத்துக்கிட்டக் கேட்டுத்தான் சேலை எடுக்கணும்."

இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். முதலில் சிரித்தது யார் என்று சொல்வதற்கில்லை. சிரித்து முடித்தபோது சம்பந்தம் பாதி முடிந்துவிட்டது. மீதிப் பாதிக்கு இருவரும் ஆளுக்கொரு பக்கம் கிளம்பினார்கள்.

மூக்கம்மாள் சண்முகராஜிடம் போனாள். "அண்ணே, கோவிச்சுக்கிடாதீக. எங்க வீட்டுக்காரக வாய்விட்டுக் கேக்க மாட்டாக. ராவுத்தரண்ணே சொன்னதுலேருந்து ஒங்க ஆப்பிள் மரத்தப் பத்தித்தான் பேச்சு. அதுல ஒரு கன்னு கெடைக்குமான்னு ஏக்கம். அதான் இப்படிக் குதர்க்கமா வருது."

அதே சமயம் பஞ்சம்மாள் கிணற்றடியில் நல்லகண்ணுவிடம், "அண்ணே, எங்க வீட்டுக்காரக வந்ததுலேருந்து ஒங்க செடிய விட்டுக் கண்ண எடுக்கல. கேக்க வெக்கப்படுறாக" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். இரண்டும் சுத்தப் பொய். ஆயிரம் பொய் சொல்லியாவது ஒரு கல்யாணத்தை முடிக்கச் சொல்லியிருக்கிறார்கள். இவர்கள் இரண்டோடு நிறுத்திக்கொண்டார்கள்.

நல்லகண்ணுவின் முகம் மலர்ந்தது. "அத மொதல்லயே சொல்லப்படாதா மச்சான்?" என்றார். "நீங்க கேக்கப்படாதா?" என்றார் சண்முகராஜ். அன்றே வெற்றிலை பாக்கு மாற்றினார்கள். கல்யாணம் தையில். மறுவீட்டுக்கு ஒருவர் கன்று கொண்டுவர, மற்றவர் கன்று கொடுத்தனுப்புவது என்றும் பேச்சு.

மார்கழிக் கடைசி வந்தது. நல்லகண்ணு கத்தரியைத் தேடினார். ஒரு வாரத்தில் கல்யாணம். ஆட்களெல்லாம் பந்தல் வேலையில். கிணற்றடியை ஒரு நாள் முழுக்க அடைத்தால் குடி முழுகிப்போகும். மூக்கம்மாள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"வெத்தல மாத்தின வீட்ல, தாலி ஏறுற வரைக்கும் செடிகொடியில இரும்பு படக்கூடாது."

அப்படி ஒரு சாத்திரம் உண்டா என்று யாருக்கும் தெரியாது. அவளுக்கும் தெரியாது. சொன்ன தோரணையில் கேட்க யாருக்கும் தைரியம் வரவில்லை. கத்தரி தானியக் குலுக்கைக்குள், கேப்பைக்கு அடியில் இருந்தது. அதை அங்கே போட்டவளே அவள்தான்.

கல்யாணம் நடந்தது. ராஜாத்தி கர்ணனோடு கூடலூர் போனாள். வாழையிலையில் சுற்றிய பக்கக்கன்று ஒன்று சண்முகராஜ் வீட்டுக்குப் போனது. ஓர் ஆப்பிள் கன்று இங்கே வந்தது. விருந்து, மறுவீடு, உறவுக்காரர்கள் எல்லாம் ஓய்ந்து நல்லகண்ணுவுக்குக் கத்தரி நினைவு வந்தபோது, பழைய குச்சியெல்லாம் துளிர்விட்டிருந்தது. துளிர்த்த கம்பை வெட்ட அவருக்கே மனம் வரவில்லை.

சித்திரையில் ஒரு காலை, தண்ணீர் இறைக்கப் போன மூக்கம்மாள்தான் முதலில் பார்த்தாள். கம்பு நுனியில் கூம்புக் கூம்பாக வெள்ளை. படத்தில் இருந்தது போலவே. அவள் குடத்தை இறக்கி வைத்துவிட்டு நின்றாள். அழகாகத்தான் இருந்தது, ஆறு வருஷக் கோபம் இருந்தும் அவளால் இல்லையென்று சொல்ல முடியவில்லை. "இந்தாங்க, வந்து பாருங்க" என்று கூப்பிட்டாள். நல்லகண்ணு பல் விளக்கிக்கொண்டே ஓடி வந்தார். பார்த்தார். அவர் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இதைக் கேலி செய்ய மனம் வரவில்லை, மேலே போவோம்.

தெருத்தெருவாக ஆள் அனுப்பினார். ஊர் கூடியது. எல்லாரும் செடியைச் சுற்றி நின்றார்கள். பக்கத்து வீட்டு ஒச்சாண்டி குனிந்து பார்த்தார், நிமிர்ந்து பார்த்தார், தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

"அட, பூளைப்பூ" என்றார்.

எல்லாரும் இன்னொரு தரம் குனிந்து பார்த்தார்கள். ஒருமுறை அப்படிப் பார்த்தபின் வேறெதுவாகவும் அது தெரியவில்லை. வேலியோரப் பூளைப்பூவேதான், கொஞ்சம் சோறு போட்டு வளர்த்தது.

"பூளைப்பூ சிறுசு. இது பெருசுல்ல" என்று ஒருவர் சமாதானம் சொன்னார்.

"சீமையிலயும் காப்புக்கட்டுவாக போல" என்றார் இன்னொருவர். "இனிப் பொங்கலுக்கு வேலி வேலியா அலைய வேண்டாம். அண்ணன் வீட்ல பறிச்சுக்கிடலாம்." அவர் பாராட்டாகத்தான் சொன்னார். எல்லாரும் நல்லபடியாகத் தலையாட்டிவிட்டு வேலைக்குப் போனார்கள்.

நல்லகண்ணு கிணற்று மேட்டில் உட்கார்ந்துவிட்டார். ஆறு வருஷமாக உலகத்திலேயே உயர்ந்த பூ அவரிடம் இருந்தது. அது பூத்துப் போய்விட்டது. அடுத்த சில நாட்கள் வீட்டுக்கு வந்தவர்களை, "வாங்க, உக்காருங்க" என்றார். தண்ணீர் கொடுக்கச் சொன்னார். வந்த காரியம் என்ன என்று கேட்டார். மூக்கம்மாள் பயந்து போனாள். இப்படி ஒரு மனிதரோடு அவளுக்குப் பழக்கம் இல்லை. அவருக்குச் சோறு இறங்கவில்லை. அதைப் பார்த்து அவளுக்கும் இறங்கவில்லை. அந்த நாட்களில் ஒரு தடவை, "கெணத்தடியில மல்லிகை வைக்கட்டுமா?" என்று கேட்டாள். "வையி" என்றார். அவ்வளவு தூரம் போயிருந்தது வியாதி.

வைகாசியில் பண்ணைப்புரத்திலிருந்து ஒருவர் திராட்சை விலை பேச வந்தார். மூக்கம்மாள் தண்ணீர்ச் சொம்போடு வெளியே வந்தாள். வாசலில் ஆள் இல்லை. கொல்லையிலிருந்து குரல் கேட்டது.

"பூ கெடக்குது பூ. எந்தச் செடிதான் பூக்கல. இப்பப் பாக்கப்படாது. கார்த்திகையில இலை செவக்கும்போது பாக்கணும்." கொஞ்சம் நிறுத்தி, "ஆறு வருசம் விடாம வெட்டினதுக்கு இப்பத்தான் பலன் தெரியுது. வாற மார்கழியில இன்னும் ஒட்ட வெட்டணும்" என்றும் கேட்டது. மூக்கம்மாள் சொம்பை வாசலிலேயே வைத்துவிட்டு உள்ளே போனாள். அன்று இருவரும் நன்றாகச் சாப்பிட்டார்கள்.

ஆடியில் சிக்கந்தர் ராவுத்தர் வந்தார். கூடலூரிலிருந்து நேரே, வெயிலில் நடந்து, ராஜாத்தி சௌக்கியமாக இருக்கிறாள், மாமியார் சேலைக் கூடாரத்தைப் பிரித்துவிட்டாள் என்ற சேதியோடு. நல்லகண்ணு தோட்டத்துக்குப் போயிருந்தார். ராவுத்தர் நிம்மதியாக மூச்சுவிட்டார். இன்றைக்காவது வந்தவுடன் தண்ணீர் கிடைக்கும்.

"வாங்கண்ணே" என்றாள் மூக்கம்மாள். "இங்கன வாங்க."

கிணற்றோரம் கூட்டிப் போனாள். புதுப் பந்தல் கால்கள் நான்கு நின்றன. அடியில் சாண் உயரத்தில் ஒரு மல்லிகைக் கன்று, விரல்விட்டு எண்ணக்கூடிய இலைகளோடு.

"இப்பப் பாக்கப்படாதுண்ணே. பங்குனியில வந்து பாக்கணும். தெருவே மணக்கும்."

ராவுத்தர் கன்றைப் பார்த்தார். பக்கத்தில் கிணற்றைப் பார்த்தார்.

"தங்கச்சி, ஒரு சொம்புத் தண்ணி..."

"தாரேன். மொதல்ல அந்தக் கொழுந்தப் பாருங்க."

அவளோடு சேர்ந்து இதுவரை சிரித்தீர்களே, அதில் தப்பில்லை. உங்கள் வீட்டில் செடியே இல்லை என்பதும் தெரியும். மகன் பி.ஏ. படிக்கிறான், மாடி பாதி எழும்பி நிற்கிறது, கிராமபோன் பெட்டிக்கு முள் மட்டும்தான் வர வேண்டும், அவ்வளவுதானே? கடைசியாக உங்கள் வீட்டுக்கு வந்தவரை எங்கே கூட்டிப்போய் நிறுத்தினீர்கள் என்று நீங்கள் சொல்ல வேண்டாம். அவர் வெளியே வந்ததும் பக்கத்து வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுத்தான் போனார்.